சுழல்மேசையை விட்டு வந்தவர்

மடுல்சீமையில் சம்பள நாள் என்றால் பொழுது விடியுமுன்னரே தெரிந்துவிடும். பசறையிலிருந்து வளைந்தேறி வரும் வீதியில் அன்று வண்டிகள் அதிகம். கடைகளில் கணக்குக் கொப்பிகள் திறந்திருக்கும். மாதம் முழுவதும் அரிசியும் மாவும் கடனாகக் கொடுத்தவர் கண்ணை வாசலிலேயே வைத்திருப்பார். பனி இறங்கும் மாலை வேளையில், அந்தப் பணத்தின் ஒரு பங்கு கடைக்கும் போகாமல் வீட்டுக்கும் போகாமல் வேறொரு வழியே இறங்கிப் போவதையும் இம்மலைகளில் வாழ்ந்தவர் அறிவர். லயத்துக் கோடியில் சாக்கு விரித்துச் சீட்டுப் போடுவோர் ஒரு சாரார். இங்கிலாந்தில் எங்கோ ஒரு மைதானத்தில் ஓடும் குதிரையின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, பட்டணத்துப் பந்தயக் கடையில் பணம் கட்டுவோர் மற்றொரு சாரார். அக்குதிரையை அவர்கள் கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை.

இத்தகையதொரு மாலையில்தான் இவ்வூர் ஆசிரியர் சிலரும் உயர்வகுப்பு மாணவர் சிலரும் கூடி, ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தயேவ்ஸ்கியின் 'சூதாடி' என்னும் நாவலைப் பற்றிப் பேசினோம். சூதாடுபவனின் மனத்தை இத்துணை நுட்பமாக அறிந்த ஒருவர், தாமே பத்தாண்டுக் காலம் சூதாடித் திரிந்தது எங்ஙனம் என்று ஒரு மாணவர் வினவினார். அதற்கு விடைகூற முற்பட்டபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதனினும் கடினமான வினாவொன்றை எழுப்பினார். தாஸ்தயேவ்ஸ்கி சூதை விட்டார் என்கிறீர்களே, அவர் விட்டாரா, அன்றி அவர் ஆடிய விடுதிகளை அரசாங்கம் மூடிவிட்டதா என்பது அவர் கேள்வி. அன்று எவராலும் திருத்தமாக விடையிறுக்க இயலவில்லை. அவ்வினாவை மனத்திற்கொண்டே அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

பியோதர் மிகாயிலோவிச் தாஸ்தயேவ்ஸ்கி 1821 ஆம் ஆண்டு மொஸ்கோ நகரில், ஏழைகளுக்கென அமைந்த மருத்துவமனை ஒன்றின் வைத்தியருக்கு மகனாகப் பிறந்தார். பீற்றர்ஸ்பேர்க் நகரின் இராணுவப் பொறியியற் கல்லூரியிற் பயின்றார். அத்தொழிலை உதறிவிட்டு எழுதப் புகுந்து, 1846 இல் வெளியான முதல் நாவலாலேயே புகழெய்தினார். மூன்றாண்டு சென்றதும், தடைசெய்யப்பட்ட நூல்களைப் படித்து விவாதித்த குழுவொன்றிற் சேர்ந்திருந்த குற்றத்துக்காகக் கைதானார். 1849 டிசெம்பரில் ஒரு காலை, உறைபனி மூடிய சதுக்கமொன்றில் மரணதண்டனை நிறைவேற்றத்துக்காக நிறுத்தப்பட்டார். முதல் மூவரைக் கம்பங்களிற் கட்டியாயிற்று. அடுத்த மூவரில் அவர் ஒருவர். துப்பாக்கிகள் உயர்ந்த பின்னரே, சார் மன்னரின் மன்னிப்பு வாசிக்கப்பட்டது. அந்த நாடகம் முழுவதும் முன்னரே திட்டமிடப்பட்டதாம்! சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் கால்விலங்குடன் நான்காண்டு, பின்னர் எல்லைப்புறப் படையிற் சிப்பாயாகச் சில ஆண்டு என்று காலங் கழித்து, 1859 இன் இறுதியிலேயே அவர் பீற்றர்ஸ்பேர்க் மீண்டார்.

இவற்றையெல்லாம் விரித்தெழுத இடமுண்டு. ஆயினும் நம் வினாவுக்கு வேண்டுவது ஒன்றே. சில நிமிடங்களே வாழ்வு எஞ்சியிருக்கிறது என்று எண்ணி நின்று, பின் முழு வாழ்வும் கைக்குத் திரும்பக் கிடைக்கப்பெற்றவர் இவர். எல்லாம் போயிற்று என்ற கணத்திற்கும் எல்லாம் கிடைத்தது என்ற கணத்திற்கும் இடைவெளி எத்துணைச் சிறிது என்பதை உடலால் அறிந்தவர். சுழலும் சக்கரம் அவரை ஈர்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு, நிறுவ இயலாது.

1862 இல் அவர் முதன்முறையாக மேற்கு ஐரோப்பா சென்றார். அக்காலத்தில் வீஸ்பாடன், ஹொம்பேர்க், பாடன் பாடன், எம்ஸ் முதலிய ஜேர்மானிய நீரூற்று நகரங்களில் சூதாட்ட மண்டபங்கள் செழித்திருந்தன. ஐரோப்பியச் செல்வர் நோய் தீர நீரருந்த வருவர். மாலையில் மண்டபம் புகுவர். ரூலெட் என்னும் ஆட்டம் அங்கே தலையாயது. ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்ணிட்ட குழிகளும் பூச்சியக் குழி ஒன்றும் கொண்ட சக்கரத்தில் சிறு பந்தொன்றைச் சுழலவிடுவர். பந்து விழும் எண்ணைச் சரியாகச் சொன்னவனுக்கு, அவன் வைத்த பணத்தோடு அதன் முப்பத்தைந்து மடங்கு கொடுப்பர். கணக்கு எளிது. முப்பத்தேழு குழிகளிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் முப்பத்தாறு ரூபாய் திரும்பி வரும். எஞ்சிய ஒரு ரூபாய் விடுதிக்காரனுடையது. ஒருநாளில் எவன் வெல்வான், எவன் தோற்பான் என்பதை யாருஞ் சொல்லமுடியாது. நெடுநாளில் யார் வெல்வார் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான்.

பொறியியல் கற்ற தாஸ்தயேவ்ஸ்கிக்கு இது தெரியாததன்று. ஆயினும் வெல்லுவதற்கு ஒரு மறைபொருள் உண்டென்று அவர் நம்பினார். அது வேறொன்றுமில்லை, ஆடும்போது மனம் பதறாமல் தன்னை அடக்கிக்கொள்ளவேண்டும், அவ்வளவே. தோற்றபோதெல்லாம் கணக்குத் தவறென்று அவர் எண்ணவில்லை; தம் அடக்கம் போதவில்லை என்றே எண்ணினார். ஆகவே ஒவ்வொரு தோல்வியும் மற்றுமொருமுறை முயல்வதற்குக் காரணமாயிற்று. 1863 இல் வீஸ்பாடனில் பதினாயிரம் பிராங்குக்கு மேல் வென்றார். பணத்தை அறைக்குக் கொணர்ந்து பெட்டியிற் பூட்டி, மறுநாளே ஊரைவிட்டுப் புறப்பட உறுதிகொண்டார். உறுதிகொண்டவர் மீண்டும் மண்டபத்துக்குச் சென்று பாதியை இழந்தார். பூட்டிய பெட்டியின் திறவுகோல் அவர் சட்டைப்பையில் அல்லவா இருந்தது!

1864 இல் முதல் மனைவி மரியா காசநோயால் இறந்தார். சில மாதங்களில் தமையன் மிகாயிலும் மறைந்தார். தமையனின் பத்திரிகைக் கடன்களையும் குடும்பத்தையும் தாஸ்தயேவ்ஸ்கி தாமே ஏற்றுக்கொண்டார். சட்டம் அவரை வற்புறுத்தவில்லை, மனச்சான்று வற்புறுத்திற்று. கடன் தீரவேண்டும் என்ற தவிப்பில் 1865 கோடையில் மீண்டும் வீஸ்பாடன் சென்றார். ஐந்தே நாளில் கைப்பணமும் கடிகாரமும் போயின. விடுதிக்காரர் உணவு கொடுக்க மறுத்து, தேநீர் மட்டுமே அனுப்பினர். மெழுகுவர்த்தியும் மறுக்கப்பட்டது. சகநாவலாசிரியர் துர்கனேவுக்கு எழுதி நூறு தாலர் கடன் கேட்டார், ஐம்பது வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க ஏறக்குறையப் பத்தாண்டு சென்றது. அந்தப் பட்டினி அறையிலேதான் 'குற்றமும் தண்டனையும்' கருக்கொண்டது என்பதை இலக்கிய மாணவர் அறிவர்.

அதே ஆண்டில் ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை கொடியது. மூவாயிரம் ரூபிளுக்கு ஈடாகப் பழைய நூல்களின் பதிப்புரிமையைக் கொடுத்ததோடு, 1866 நவம்பர் முதலாந் தேதிக்குள் புதிய நாவலொன்றையும் தரவேண்டும்; தவறினால் அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவனவற்றையெல்லாம் ஊதியமின்றி வெளியிடப் பதிப்பாளருக்கு உரிமை உண்டாம். இதுவும் ஒரு சூதுதான். ஒக்டோபர் பிறந்தும் ஒரு வரியும் எழுதப்படவில்லை. நண்பர் ஒருவரின் யோசனைப்படி சுருக்கெழுத்து அறிந்த பெண்ணொருத்தி அமர்த்தப்பட்டாள். அன்னா கிரிகோரியெவ்னா என்பது பெயர், வயது இருபது. அவர் சொல்லச் சொல்ல அன்னா எழுதினாள். பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி ஒக்டோபர் நான்காந் தேதி தொடங்கி இருபத்தாறு நாளில் நாவல் முற்றுப்பெற்றது. அதுவே 'சூதாடி'. பதிப்பாளர் வேண்டுமென்றே ஊரைவிட்டுப் போயிருந்தார். ஆகவே பொலிஸ் நிலையமொன்றில் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்று, கெடு முடியுமுன் தப்பினார்.

1867 பெப்ரவரியில் அந்த இளம்பெண் அவருக்கு மனைவியானாள். சூதாடுபவனின் மனத்தைத் தன் கையாலேயே எழுதிய பெண், அச்சூதாடியையே மணந்துகொண்டாள்.

கடன்காரருக்கு அஞ்சி இருவரும் அவ்வாண்டு ஏப்ரலில் நாட்டைவிட்டுப் புறப்பட்டனர். செலவுக்காக அன்னா தன் சீதனப் பொருள்களை அடகு வைத்தாள். டிரெஸ்டனில் அவளை விட்டுவிட்டுக் கணவர் நான்கு நாளில் திரும்புவதாகக் கூறி ஹொம்பேர்க் சென்றார். பத்து நாள் சென்றது. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள் நாள்தோறும் ஒரே போக்கில் அமைந்தவை. தோற்றதைக் கூறும், தம்மை இகழும், இனி ஆடுவதில்லை என்று சத்தியஞ் செய்யும், பயணத்துக்குப் பணம் அனுப்பும்படி வேண்டும். அப்பணமும் மேசைக்கே போகும். அடுத்த கடிதம் மீண்டும் சத்தியத்தோடு வரும்.

பின்னர் அக்கோடையில் இருவருமாகப் பாடன் பாடனில் ஏறக்குறைய ஏழு வாரம் தங்கினர். கொல்லன் பட்டறையொன்றின் மேலே இரண்டு அறை. விடியற்காலையிலேயே சம்மட்டி ஒலி எழும். அன்னா கருவுற்றிருந்தாள். ஒரு சமயம் நாலாயிரம் தாலர் வரை வென்றிருந்த கணவர், சில நாளில் அனைத்தையும் இழந்தார். திருமணப் பரிசாக அவர் கொடுத்திருந்த காதணியும் மார்பூசியும் அடகுக்கடைக்குப் போயின; அவை மீளவே இல்லை. மண மோதிரங்கள் போயின, மீண்டன, மறுபடியும் போயின. அன்னாவின் சால்வையும் உடையும் கூடப் போயின. இவையெல்லாவற்றையும் அவள் தன் சுருக்கெழுத்து நாட்குறிப்பில் அன்றன்றே எழுதிவைத்தாள். கணவர் அறையிலேயே இருப்பார். அவரால் அதை வாசிக்க முடியாது.

கதிர்காமப் பாத யாத்திரைக்கு மாலையணிந்த நாளில் மட்டும் சீட்டைத் தொடாதிருந்து, மாலை கழற்றிய மறுநாளே தொடும் நண்பர் ஒருவரை நான் அறிவேன். அவரை எண்ணும்போது எனக்குத் தாஸ்தயேவ்ஸ்கியின் சத்தியங்கள் நினைவுக்கு வருவதுண்டு. பொய்ச் சத்தியங்கள் அல்ல அவை. எழுதும்போது நூற்றுக்கு நூறு மெய். ஆயினும் அவற்றை அறிந்தவர் இருவரே: எழுதியவர், பல மைல் தூரத்தில் இருந்த மனைவி. மண்டபத்து வாயிலில் நின்ற காவலாளுக்கு அச்சத்தியம் தெரியாது. அவன் தலைவணங்கிக் கதவைத் திறந்துவிட்டான்.

இந்த இடத்தில், நம் காலத்து ஏற்பாடு ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். சூதாட்டத்தை அடக்கமுடியாத ஒருவர், தாமே விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டு, இனித் தம்மை உள்ளே விடவேண்டாமென்று சூதாட்ட விடுதிகளைக் கேட்டுக்கொள்ளும் முறை சில நாடுகளில் வழங்குகிறது. தன்விலக்கு என்று அதனைத் தமிழிற் கூறலாம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1996 இல் அரசாங்கப் பொறுப்பில் இம்முறை தொடங்கியது. தமிழ் அரசகரும மொழிகளுள் ஒன்றாயிருக்கும் சிங்கப்பூரில் 2010 இல் சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டபோது, சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கே ஒருவர் தம்மைத் தாமே விலக்கிக்கொள்ளலாம். குடும்பத்தவர் மனுச்செய்தும் ஒருவரை விலக்கலாம். கடன்பட்டு முறிந்தவர்களும் அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்பவர்களும் மனு இன்றியே விலக்கப்படுவர். நம் நாட்டிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையொன்றை அமைக்கும் சட்டம் 2025 இல் நிறைவேறிற்று. ஆயினும் லயத்துக் கோடியில் விரித்த சாக்குக்குக் கதவுமில்லை, காவலாளுமில்லை. அங்கே யாரிடம் மனுக்கொடுப்பது?

இம்முறை புதியதாயினும் இதன் தேவை மிகப் பழையது. இருக்குவேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடி ஒருவனின் புலம்பல் உண்டு. அவன் தான்றிக்காய்களால் ஆடியவன். இனித் தோழரோடு போவதில்லை என்று தீர்மானித்திருப்பான். காய்கள் உருளும் ஓசை கேட்டதும் எழுந்து போய்விடுவான். நம் வள்ளுவரும் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஓசை கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு தீர்மானம் செய்வதில் பயனில்லை என்பதை அந்த வேதகாலத்துச் சூதாடியே அறிந்திருந்தான் என்று தோன்றுகிறது.

தாஸ்தயேவ்ஸ்கி அவ்வோசைக்கு அப்பால் செல்ல முயலவில்லை. பாடன் பாடனிலிருந்து ஜெனீவா சென்றார்கள். அங்கே 1868 மார்ச்சு மாதத்தில் சோபியா என்னும் பெண் குழந்தை பிறந்தது. அந்நகரிலிருந்து இரயிலில் செல்லக்கூடிய தூரத்தில், சக்ஸோன் என்னும் சிற்றூரில் ஒரு சூதாட்ட விடுதி இருந்தது. குழந்தை பிறக்குமுன்னும் அங்கே சென்று தோற்றிருக்கிறார்; பிறந்த பின்னும் சென்று தோற்றார். மே மாதத்தில், மூன்று மாதமும் நிரம்பாத அக்குழந்தை காய்ச்சலால் இறந்தது. ஜெனீவாவிலேயே அதனை அடக்கஞ் செய்தனர். அத்துயரின் நடுவே அவர் எழுதிக்கொண்டிருந்தது 'அசடன்'.

இனி 1871 ஏப்ரல். டிரெஸ்டனில் குடியிருந்தார்கள். இரண்டாவது பெண் குழந்தை லுபோவுக்கு ஒன்றரை வயது; அன்னா மீண்டும் கருவுற்றிருந்தாள். தாய்நாடு திரும்பப் பணமில்லை. எழுதிக்கொண்டிருந்த நாவல் நகரவில்லை. கணவர் மனஞ்சோர்ந்து கிடந்தார். அன்னாவிடம் சேமிப்பாக முந்நூறு தாலர் இருந்தது. அவளே ரூலெட் பேச்சை எடுத்து, நூறு தாலர் கொடுத்து, ஒருமுறை போய்வரும்படி கூறினாள். வெல்வார் என்று அவள் நம்பவில்லை. அந்த நூறு தாலர் போனதாகவே கணக்கெழுதிவிட்டாள். போய்த் தோற்று வந்தால் மனக்கொந்தளிப்பு அடங்கி எழுத்து ஓடும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தாள். இக்காலத்து ஆலோசகர் எவரும் இதனை ஒப்பமாட்டார். நானும் பிறர்க்குப் பரிந்துரைக்கமாட்டேன். ஆயினும் அவள் முந்நூறையும் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வீஸ்பாடனில் அந்த நூறு தாலர் போயிற்று. திரும்பிவர முப்பது தாலர் அனுப்பும்படி எழுதினார், வந்தது. அதற்கு முந்திய இரவு ஒரு கெட்ட கனவு கண்டிருந்தார். இறந்துபோன தந்தை பயங்கரத் தோற்றத்தோடு அதில் வந்தார். அன்னாவின் தலைமயிர் நரைத்துப்போனதாகவும் ஒரு கனவிற் கண்டிருந்தார். ஆகவே பார்ப்பதற்கு மட்டுமே மண்டபத்துக்குச் சென்றாராம்! மேசையருகே நின்று, அடுத்து எது விழும் என்று மனத்துக்குள்ளே சொல்லிப் பார்த்தார். சொன்னதெல்லாம் சரியாயிற்று. பிறகு நடந்ததைச் சொல்லவேண்டுமா? இரவு ஒன்பதரை மணியளவில் அந்த முப்பது தாலரும் இல்லை.

வெளியே ஓடினார். அவ்வூரிலிருந்த ருஷ்யக் குருவானவரிடம் சென்று மனத்தைத் திறக்கலாமென்று இருட்டில், தெரியாத தெருக்களில் விரைந்தார். கோயிலென்று எண்ணி அணுகிய கட்டடம் யூதர்களின் தொழுகைக்கூடமாயிருந்தது. குளிர்நீரைத் தலையில் ஊற்றியது போலாயிற்று அவருக்கு. அறைக்குத் திரும்பி மனைவிக்கு நெடுங்கடிதம் எழுதினார். பத்தாண்டாகத் தம்மை வதைத்த மாயை தீர்ந்தது, இது கடைசி முறை என்பது அதன் சாரம். இதே வார்த்தைகளை அவள் எத்தனையோ முறை வாசித்திருந்தாள். நம்பவில்லை, பயணப்பணத்தை மட்டும் மறுபடியும் அனுப்பினாள். ஆனால் இம்முறை அது மெய்யாயிற்று. அதன் பின்னர் அவர் வாழ்ந்த பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் ஆடவில்லை.

ஏன் இம்முறை மெய்யாயிற்று? மனோதத்துவ அறிஞர் பிராய்ட் 1928 இல் எழுதிய கட்டுரையொன்றில், தந்தை மீதிருந்த குற்றவுணர்வுக்காகத் தம்மைத் தாமே தண்டிக்கும் வழியாகவே தாஸ்தயேவ்ஸ்கி தோல்வியை நாடினார் என்று விளக்கினார். கனவில் தந்தை வந்ததை நோக்க இது கவர்ச்சியான விளக்கமே. ஆனால் தண்டனையை நாடியவர் தண்டனை போதுமென்று அந்த ஓர் இரவில் ஏன் முடிவுசெய்தார் என்பதற்கு அதில் விடையில்லை. எனக்குப் புலப்படுவது சிறியதொரு காரணம். அதுவரை தோற்ற போதெல்லாம் அவர் கண்டது தம்மையே: தம் பலவீனம், தம் விதி, தம் மறைபொருள். அன்றுதான் மனைவியின் நரைத்த தலையைக் கண்டார்.

இனித் தலைமையாசிரியரின் வினாவுக்கு வருவோம். வட ஜேர்மானியக் கூட்டாட்சி 1868 ஆம் ஆண்டிலேயே பொதுச் சூதாட்ட விடுதிகளை ஒழிக்கும் சட்டமியற்றி, 1872 இறுதி வரை தவணை கொடுத்திருந்தது. ஆகவே தாஸ்தயேவ்ஸ்கி கடைசியாக ஆடிய நாளில் அம்மேசைகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு நாளும் குறிக்கப்பட்டிருந்தது. அவர் விட்டுவந்து இருபது மாதத்தில் வீஸ்பாடன், ஹொம்பேர்க், பாடன் பாடன், எம்ஸ் எங்கணும் சக்கரங்கள் நின்றுபோயின. மன உறுதி முந்தியது, கதவடைப்புப் பிந்தியது என்பது உண்மை. அந்த இருபது மாதத்தில் பெரும்பகுதி அவர் பீற்றர்ஸ்பேர்க்கில், மேசைகளுக்கு நெடுந்தொலைவில் இருந்தார் என்பதும் உண்மை. ஆகவே வினாவைத் தள்ளிவிட முடியாது.

மேலும் ஒரு கதவை மறந்துவிடலாகாது. அதனை அடைத்தது அரசாங்கமன்று, அன்னா. 1871 ஜூலையில் அவர்கள் ருஷ்யா மீண்டதும் கடன்காரர் சூழ்ந்தனர். கணவரைப் பின்னே நிறுத்தி, அன்னா தானே அவர்களோடு பேசினாள், மிரட்டியவர்க்கு அஞ்சவில்லை. 1873 இல் 'பேய்கள்' நாவலைப் பதிப்பாளர் எவருக்கும் விற்காமல் தாங்களே அச்சிட்டு, வீட்டிலிருந்தே விற்பனை செய்தாள். மூவாயிரத்து ஐந்நூறு பிரதிகள். பணம் அவள் கைக்கு வந்தது. கணக்கு அவள் கொப்பியில் ஏறிற்று. அவர் இறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே பழைய கடன்கள் முற்றாகத் தீர்ந்தன. நம் பெருந்தோட்டங்களில், காலை முதல் மாலை வரை கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததை நினைக்கும்போது, அன்னாவின் அந்தக் கணக்குக் கொப்பியை நாவல்களுக்கு நிகராக மதிக்கத் தோன்றுகிறது. அன்று கூட்டத்தில் இருந்த ஆசிரியை ஒருவர் இதனைக் கூறியபோது மாணவர் சிலர் நகைத்தனர், அவர் நகைக்கவில்லை.

ஆடுபவர்க்கு ஐரோப்பாவில் இடமில்லாமற் போய்விடவில்லை. ஹொம்பேர்க்கை வளர்த்த பிளாங்க் என்பவரே மொனாக்கோவில் மொண்டி கார்லோவைப் பெரிதாக்கியிருந்தார். அந்நாட்டு அரசர் தம் குடிமக்கள் மட்டும் அம்மேசைகளில் ஆடலாகாதென்று தடுத்தார். அத்தடை இன்றும் உண்டு. பிறநாட்டார் தாராளமாக ஆடலாம்! தாஸ்தயேவ்ஸ்கி அங்கே செல்லவேயில்லை.

நுரையீரல் நோய்க்காக அவர் 1874 கோடையில் எம்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். மேசைகள் நீங்கிய அந்நகரில் காலையில் நீரருந்தி, வாத்திய இசை கேட்டு, அறையிற் குந்தி எழுதி, செலவுக்கணக்கை மனைவிக்குக் கடிதத்தில் தெரிவித்து நாட்கழித்தார். அதனைக் கொண்டு எதையும் நிறுவ இயலாது. அங்கே ஆட மேசையில்லை. ஆனால் சிகிச்சை முடிந்ததும் அவர் நேரே ஊர் திரும்பவில்லை. சுவிட்சர்லாந்து சென்றார். முன்னர் இருமுறைக்கு மேல் அவரை இழுத்துச்சென்ற சக்ஸோன் விடுதி அவ்வாண்டில் மூடப்படவில்லை. 1877 வரை அங்கே சக்கரம் சுழன்றது. பாதை தெரிந்த பாதை. கையில் பயணப்பணம் இருந்தது. மனைவி அருகில் இல்லை. தடுக்கச் சட்டமுமில்லை, காவலாளுமில்லை.

அவர் ஜெனீவாவில் இறங்கி, சோபியாவை அடக்கஞ் செய்த இடத்துக்குச் சென்றார். ஆறாண்டுக்கு முன் அக்கல்லறையருகே நட்டிருந்த சைப்பிரஸ் மரம் வளர்ந்திருந்தது. அதிலிருந்து சில கொப்புகளை ஒடித்தெடுத்து, அன்னாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்.